ராஜாவுக்குக் கூட்டிய மாத்திரை

பதுளையில் என் மிருக வைத்தியசாலையை அன்று திறக்கும்போதே, வாசலில் ஆட்டோ நின்றது. மடுல்சீமைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வமணி, துண்டில் சுற்றிய பூனையோடு இறங்கினார்.

“டாக்டரம்மா, மினு நேத்திலேர்ந்து எந்திரிக்கவே மாட்டேங்குது.”

பூனையின் உடம்பு சில்லிட்டிருந்தது. மூச்சு மெல்லிய இழையாக ஓடியது. வலிப்புக்காக அதற்குச் சிறிய அளவில் பினோபார்பிட்டோன் கொடுத்திருந்தேன். அவருடைய நாய் ராஜாவுக்கும் நெடுநாளாக அதே மாத்திரைதான்.

“எவ்வளவு குடுத்தீங்க?”

“மறுபடி வலிப்பு வந்துச்சுங்க. ஈரல் பழகிருச்சு, மருந்த சீக்கிரம் கரைச்சிருதுன்னு ராஜாவுக்குக் கூட்டிக் குடுத்தீங்கள்ல? அதான் இதுக்கும் கூட்டிக்கிட்டே போனேன்.”

நாய்க்கு அது சரி. அதன் ஈரலில் இந்த மருந்து, தன்னையே சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். நாளாக நாளாக அளவைக் கூட்ட வேண்டிவரும். பூனையின் ஈரல் அப்படித் தூண்டப்படுவது மிகக் குறைவு. கூட்டியதெல்லாம் இரத்தத்தில் தேங்கிவிட்டது.

சேலைன் ஏற்றினேன், ஒக்சிஜன் வைத்தேன், சுடுநீர்ப் போத்தல்களை அணைத்து வைத்தேன். திடீரென்று உறைத்தது.

“ராஜா எப்படி இருக்கு?”

“பயத்துல அதுக்கும் நேத்தே மாத்திரைய நிப்பாட்டிட்டேங்க.”

பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். அவருடைய கணவரின் போனுக்கு எடுத்தோம், சிக்னல் இல்லை. மினுவின் மூச்சைப் பார்ப்பதும் போனை அழுத்துவதுமாக நிலைகொள்ளாமல் நடந்தேன். கடைசியில் தோட்டத்துக் கடைக்கு எடுத்தோம்; கடைக்காரர் ஓடிப்போய்க் கணவரைப் போனுக்குக் கூட்டிவந்தார்.

“ராஜா கால இழுத்துக்கிட்டு கெடந்துச்சுங்க. இப்பதான் நின்னுச்சு.”

“நல்லா முழிச்சு, தண்ணி குடிச்சதும் வழக்கமான மாத்திரைய குடுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். மறுபடி இழுத்தா உடனே இங்க தூக்கிட்டு வாங்க.”

ராஜாவுக்கு மறுபடி வரவில்லை. மறுநாள் காலை மினு தலைதூக்கியது. நாலடி நடந்து, சரிந்து விழுந்து, என்னைப் பார்த்துச் சீறியது. அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

நாயைப் பற்றி நான் சொன்னதை, செல்வமணி மருந்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களே, காரணம் சொல்லும்போது அது எந்தப் பிராணிக்கான காரணம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

புறப்படும்போது செல்வமணி கேட்டார்: “அப்ப மனுசன் ஈரல் எப்படீங்க? நாய் மாதிரியா, பூனை மாதிரியா?”

“நாய் மாதிரி” என்றேன். அவர் படியிறங்குவதற்குள் பின்னாலேயே ஓடினேன். “இந்த ஒரு மருந்துக்கு மட்டும், செல்வமணி. மட்டும்!”