செபமாலையில் அமுங்கிய சத்தம்

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், அக்காவின் பழைய காரில் வேகத்துக்காக டர்போ அழுத்தத்தைக் கூட்டியவன் நான். அளவு மிஞ்சினால் எஞ்சின் டிக் டிக்கென்று தட்டும், கேட்டவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. ஞாயிறன்று ஐந்து பேரோடு மலைக்கோயிலுக்கு ஏறினோம். வழக்கம்போல எல்லோரும் உரத்துச் செபமாலை சொன்னார்கள். எஞ்சின் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. புகை வந்து நிறுத்தியபோது பிஸ்டன் உருகி எஞ்சின் செத்திருந்தது.

“விடிய ஆறு மணிக்கு பகேரியாவிலை வேலைக்கு நிக்கோணும். இன்னொருக்காப் பிந்தினா சிஞ்ஞோரா வீட்டுவேலைக்கு வேறை ஆளைப் பிடிச்சிடுவா,” என்றாள் அக்கா.

“முதல் ரயிலிலை போகலாம்.”

“ஓம், ரேஸ்காரர். நீரும் வாரும்.”

மறுநாள் நாங்கள் குடியிருந்த சீசா பகுதியிலிருந்து ஸ்டேஷன்வரை அவள் பின்னால் நடந்தேன். ரயிலில் உட்கார்ந்ததும் அவள் தூங்கிப்போனாள். இறங்குமிடத்தில் எழுப்ப வேண்டுமென்று நான் கண்களைத் தேய்த்துக்கொண்டு விழித்திருந்தேன்.