சரிவில் நின்று அளந்த சாய்வு

இரும்புக் குழாயை வெட்டும்போது எழும் கருகல் வாசம் மூக்கில் ஏறி, நாக்கில் இறங்கி, சோறு தின்னும்போதும் துவர்ப்பாக நிற்கும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு என்றால் எனக்கு மாம்பழம் ஞாபகத்துக்கு வராது, மேலப்பாளையத்தில் எங்கள் வாசலில் வாப்பா இரவல் வாங்கி வைத்திருந்த 'கட்டிங் மிஷின்' கக்கிய அந்த வாசம்தான் வரும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் வாப்பா ஷார்ஜாவிலிருந்து திரும்பியிருந்தார். இனி 'சபர்' கிடையாது, வெளிநாட்டுப் பிழைப்பு போதும் என்று சொல்லிப் பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை வாங்கி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிவந்து நெல்லைச் சந்தையில் இறக்கினார். தார் மேல் இலையைப் போட்டால் இலை கசங்கியது, இலை மேல் தாரை வைத்தால் கிழிந்தே போனது. சந்தையில் முகம் சுளித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து மாமா, உம்மாவின் அண்ணன், இன்னொரு விசா இருப்பதாகவும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும் போன் செய்தார். நான் அழுது தீர்த்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாப்பா என்றால் போனில் வரும் குரல். ஆளாக வீட்டில் இருந்தது அந்த ஒரு வருஷம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வாப்பாவுக்கும் போக மனசில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு இலை போக வேண்டியிருந்தது. அது கசங்காமல் வந்துசேர்ந்தால் இனி லோடு எல்லாம் உமக்குத்தான் என்று சந்தை வியாபாரி சொல்லியிருந்தார். இலைக்கட்டு தனியாகப் படுக்க வண்டிக்கு மேலே ஒரு 'கேரியர்' தானே செய்துவிடுவது என்று வாப்பா துணிந்தார். இலைக்கட்டு டிரைவர் தலைக்கு மேலும் நீண்டு கிடக்க வேண்டும் என்பதால் கேரியரின் முன்கால்கள் முன்பக்கம் சாய வேண்டும். சாய்ந்த காலும் மேலே படுக்கும் குழாயும் சேரும் மூலையில், இரண்டையும் ஒரே அளவு 'கிராஸாக' வெட்டினால்தான் வாயோடு வாய் பொருந்தும். மூலை எத்தனை பாகையோ, அதில் பாதி ஒவ்வொன்றுக்கும்.

கணக்கு என் பொறுப்பு. வகுப்பில் கணக்கில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்பதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வாப்பா கால் வரவேண்டிய இடத்தில் ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டி, நேர்க்குத்துப் பார்க்கப் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டார். நான் நூலுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் பாகைமானியை வைத்துப் பார்த்தேன். சாய்வு முப்பது, தொண்ணூறில் முப்பது போனால் மூலை அறுபது, அதில் பாதி முப்பது.

“ஏட்டி, நல்லாப் பாத்துச் சொல்லு. இரும்ப வெட்டுனா வெட்டுனதுதான்.”

“முப்பதுதான் வாப்பா, வெட்டுங்க.”

வியாழக்கிழமை சாயங்காலம் வண்ணார்பேட்டை வெல்டிங் கடையில் அண்ணாச்சி மூங்கில் நின்ற சாய்விலேயே காலைத் தளத்தில் நிறுத்தி, மேல் குழாயை வைத்துத் தற்காலிகமாகப் பொட்டுப் பற்றவைத்தார். மூலை நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. ஆனால் மேல் குழாய் பின்னால் போகப் போக இறங்கி, பின்காலின் தலைக்குக் கீழே போய் நின்றது.

“பாய், இதுல எலையக் கெடத்துனா ரோட்டுலல்லா வழுக்கி விழும்” என்றார் அண்ணாச்சி.

வாப்பா அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். “நமக்கு இது அமையல அண்ணாச்சி. மச்சானுக்கு வாறேன்னு சொல்லிருதேன்.”

எனக்குத் துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. என் கணக்கு எப்படித் தப்பும்? வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைத் தரை மட்டமாக இருந்தது. எங்கள் தெருவோ கால்வாயைப் பார்த்து இறங்கும் தெரு. பாட்டரி செத்த வண்டி என்பதால், காலையில் பிரேக்கை விட்டு உருட்டி ஸ்டார்ட் செய்ய வசதியாக வாப்பா தினமும் மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவார். அங்கே நின்றுதான் அளந்தோம். வண்டியோடு மூங்கிலும் சேர்ந்து முன்னால் சரிந்திருக்க, குண்டு மட்டும் நேராகத் தொங்கியிருக்கிறது.

“வாப்பா, தெருச் சரிவயும் சேத்துல்லா அளந்துட்டோம்” என்று கத்தினேன். குண்டை விட்டுவிட்டு, வண்டித் தளத்துக்கும் காலுக்கும் நடுவிலேயே பாகைமானியை வைத்தேன். அறுபத்தாறு. மேல் குழாய் தளத்துக்கு இணையாகப் படுக்க வேண்டியது என்பதால் மூலையும் அதுவே, பாதி முப்பத்து மூன்று. கணக்கு அன்றும் சரி, இன்றும் சரி, சரிந்தது தெரு.

அண்ணாச்சி பொட்டை உடைத்து, இரண்டு வாயையும் பைய வெட்டிச் சேர்த்தார். குழாய் பின்கால் தலையில் போய் அமைதியாகப் படுத்தது. “பாய், ஒம்ம மவ சொன்னது சரியாத்தான் இருக்கு வே” என்றார்.

மறுநாள் இலை ஒரு கிழிசல் இல்லாமல் கல்யாண வீட்டில் இறங்கியது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த வாப்பா போனை எடுத்தார். “மச்சான், விசாவ வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்கு இங்கன சோலி கெடக்கு.” அடுப்படியில் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் பெரிய மீன்துண்டாக வைத்தாள்.

அந்தக் குட்டியானை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியவில்லை. தெருவையும் மேடாக்கிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள்; சரிவு இருந்ததாகச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கணக்கு என்னைப் பொறியியல் படிக்க வைத்தது, படிப்பு வேலைக்கு அனுப்பியது. இரும்புக் கூரைகளுக்கு வரைபடம் போடும் கம்பெனியில், ஷார்ஜாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் பேசுவேன். வாப்பா வாழை விலை, மழை, முட்டுவலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “எப்பட்டி வாறே?” என்பார். சின்ன வயதில் நான் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்ன பதில்தான் என் வாயில் வருகிறது.

“அடுத்த வருசம் வாப்பா, இன்ஷா அல்லாஹ்.”