பொயட்ரி செபம்

சிமெண்டு மூட்டையின் உள்தாளுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சுவரையும் பழைய கோணியையும் ஒன்றாகச் சேர்த்து முகர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் என் இங்கிலீஷ் புத்தகத்துக்கு அந்தத் தாளில்தான் அட்டை போட்டிருந்தது. எத்தனை உதறினாலும் மடிப்புக்குள் தங்கிப்போன சாம்பல் நிறத் தூள், புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் விரலில் ஒட்டும், மூக்கில் ஏறும். வகுப்பில் நான் தும்மாமல் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

அட்டை போட்டுக் கொடுத்தவர் எங்கள் நைனா, என் அப்பா. ஹார்பரில் கரிக் கப்பலில் கூடை சுமந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்த பிறகுதான் தாளை மடித்துக் கஞ்சிப் பசை தடவினார். அம்மா அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். எறா, அதாவது இறால், உரிக்கிற கொட்டகையில் வேலை அவளுக்கு. கையில் எப்போதும் எறா வாடை இருக்கும், புத்தகத்துக்குப் பிடித்துவிடும் என்று பயம்.

அப்போது நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் ஐந்தாவதில்தான் தொடங்கியது, அதற்கு மேல் நான் படிக்கவில்லை என்பதால் அந்த ஒரு வருஷம்தான் எனக்கு இங்கிலீஷ் வகுப்பு. சட்டைக்காரி மிஸ் ஒருவர், ஆங்கிலோ-இந்தியர், முழங்கால் வரைக்கும் பூப்போட்ட கவுன், ரயில்வே குடியிருப்பிலிருந்து வருவார். புத்தகத்தின் முன்பாதி "புரோஸ்", பின்பாதி "பொயட்ரி". புரோஸை உட்கார்ந்து படிக்க வேண்டும், ஒருத்தி ஒரு வரி. என் முறை வருவதற்கு நாலு பெண்கள் முன்னாலேயே என் வரியை எண்ணி வைத்துக்கொள்வேன். முறை வந்ததும் அதை விரலால் தொட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். மிஸ் பெருமூச்சு விட்டு, "நெக்ஸ்ட்" என்பார். பொயட்ரி அப்படியில்லை. எழுந்து குதிகால் இரண்டையும் சேர்த்து நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கோத்துக்கொண்டு, எதிரே சுவரும் ஓட்டுக்கூரையும் சேருகிற இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

"பயப்படாதே கேர்ள், பாட்டு முன்னாலே போவும், நீ பின்னாலே போ," என்பார் மிஸ் தன்னுடைய உடைந்த தமிழில். நான் போனேன். ஆள் நடமாட்டமில்லாத குன்றில் நிற்கிற ஒரு காற்றாலையைப் பற்றிய பாட்டு அது. காற்று வந்தால் சுற்றி மாவரைக்கும். வராவிட்டால் கையை விரித்துக்கொண்டு காத்திருக்கும். அவ்வளவுதான் கதை. அதன் ஏற்ற இறக்கம் மட்டும் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஊருக்குள் யாரிடமும் நிமிர்ந்து பேசத் தெரியாத பெண் நான். அந்தப் பாட்டைச் சொல்லும்போது மட்டும் என் குரல் எனக்கே கேட்டது.

நைனாவுக்கு அந்த வருஷம் மழைக்காலத்தில் இருமல் கண்டது. கரியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருமுவார்கள், கறுப்பாகத்தான் துப்புவார்கள், அதை யாரும் நோயென்று நினைப்பதில்லை. ஆனால் நைனாவுடையது நிற்கவில்லை. முதலில் கூடை தூக்க முடியாமல் போயிற்று, பிறகு ஹார்பர் வரைக்கும் நடக்க முடியாமல் போயிற்று, பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அம்மா ஒருத்தி எறா உரித்து வருவது போதவில்லை. "பிலோமிய நாளைலேந்து கொட்டாய்க்கு இட்டுகினு போறேன். அவ வயசுக்கு அங்க பத்து பொண்ணுங்க கீது" என்று அம்மா என்னைக் காட்டிச் சொன்னாள். நைனா இருமினார்.

மறுநாள்தான் நான் மிஸ்ஸிடம் பாட்டு ஒப்பிக்க வேண்டிய நாள். போகப் போவதில்லை என்று தெரிந்தும், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மாதா படத்துக்கு முன்னாலிருந்த விளக்கடியில் நின்று, கையைக் கோத்து, சுவரின் உச்சியைப் பார்த்து அந்தப் பாட்டை முழுக்கச் சொன்னேன். அழுகையில் குரல் நடுங்கியிருக்க வேண்டும். முடித்துத் திரும்பிப் பார்த்தால் அம்மா முழந்தாளில் இருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பூசையில் சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலத்தீனில்தான் செபம் சொல்வார். அம்மாவும் ஒரு எழுத்துக்கும் பொருள் தெரியாமல் இலத்தீனிலேயே பதில் சொல்லுவாள். புரிகிற பேச்சு மனுஷருக்கு, புரியாத பேச்சு ஆண்டவருக்கு. எங்கள் தெருவில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மாதா படத்துக்கு முன்னால் கையைக் கோத்து நின்று தெரியாத பாஷையில் ஏற்றி இறக்கிச் சொன்னால் அது வேறு என்னவாக இருக்க முடியும்?

"யாரு சொல்லித் தந்தாங்க?" என்றாள் அம்மா.

"மிஸ்ஸு. இது பொயட்ரிம்மா."

"பொயட்ரி செபமா?" அம்மா அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

செபம் இல்லை என்று நான் சொன்னேன். என் குரல் எப்போதும் போல உதட்டோடு நின்றுவிட்டதோ, அம்மாவுக்குக் கேட்டும் பிடிக்கவில்லையோ, தெரியாது. அன்றைக்கு நைனா விடியும் வரை இருமாமல் தூங்கினார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. காலையில் அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னி, "ஸ்கூலுக்குப் போ. அங்க தான அத்த சொல்லித் தராங்க" என்றாள்.

அதிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் நான் நைனாவின் பக்கத்தில் நின்று காற்றாலைப் பாட்டைச் சொல்ல, அம்மா முழந்தாளில் இருந்து கேட்பாள். பக்கத்து வீட்டுச் சகாயம் அக்காவும் வந்து சேர்ந்துகொண்டாள். "இன்னாம்மா பிலோமி, வெள்ளக்கார பாஷைல நேரா மேல பேசறியாமே! என் வூட்டுக்காரன் குடிய வுடணும்னு அதுலயே ஒரு வார்த்த சேத்து வுடேன்" என்பாள். நைனா போர்வைக்குள்ளிருந்து சிரிப்பார், சிரிப்பு இருமலாக மாறும். ஒரு நாள் அவள் தன் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பையே கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, பாட்டு முடிந்ததும் எடுத்துப் போனாள். எனக்கு ஒரே வெட்கம். ஆனால் பொயட்ரி இருக்கிறவரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது எனக்கும் விளங்கிவிட்டிருந்தது. நைனா கொஞ்சம் நன்றாக இருந்த நாட்களில் அம்மா, "செபம் வேல செய்து" என்பாள். மோசமான நாட்களில், "இன்னிக்கு நடுவுல முழுங்கிட்ட, நான் கேட்டுகினு தான இருந்தேன்" என்று என்மேல் பாய்வாள். நைனாவின் மூச்சு என் நாக்கில் தொங்குவது போல எனக்குப் பயமாக இருந்தது. சுவரின் உச்சியைப் பார்க்காமல் நைனாவின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு சொல்லுவேன்.

தவக்காலம் தொடங்கியபோது நைனாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. அம்மா கோயிலுக்கு ஆள் அனுப்பினாள். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு சாமியார் அவஸ்தை பூச வந்தார். தெற்கத்திக்காரர், உயரமானவர், எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. இலத்தீனில் செபம் சொல்லிக்கொண்டே நைனாவின் கண்ணிலும் காதிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தொட்டு வைத்தார். உள்ளங்கை ரேகைகளில் கரி அப்படியே ஏறியிருந்தது, எண்ணெய் பட்டதும் கோடு கோடாக மின்னியது. தெருவே வாசலில் முழந்தாளில் இருந்தது. எல்லாம் முடிந்து சாமியார் எண்ணெய்ச் சிமிழை மூடும்போது அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"எம்பொண்ணு ஒரு செபம் சொல்லும் சாமி. அதுல தான் இத்தினி நாள் உசுரு நிக்குது. சொல்லு பிலோமி."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அம்மா கிள்ளினாள். சொல்லத் தொடங்கினேன்.

சாமியார் முதல் வரியில் தலை குனிந்தார். இரண்டாம் வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நிறுத்தப் பார்த்தேன். பாட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. முடிந்ததும் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள், சாமியார் போடவில்லை.

"இது செபம் இல்லையேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துப் பாட்டு. காற்றாலை சுற்றுவதைப் பற்றிப் பாடியிருக்கிறது. இதில் ஆண்டவர் பெயரே கிடையாது."

சகாயம் அக்காதான் முதலில் எழுந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டே, "அப்ப இத்தினி நாளா நாம காத்துல சுத்தற மிஷினுக்கா முட்டி போட்டுகினு இருந்தோம்?" என்றாள். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்து, பிறகு அடக்கிக்கொண்டார்கள். அம்மா சிரித்த பக்கம் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தாள்.

நைனாவுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "எனக்குத் தெரியும் சாமி. அட்ட போட்டவன் நான் தான. அந்தப் பக்கத்துல படம் கீது, குன்று மேல எறக்க வெச்ச மாதிரி ஒண்ணு. புள்ள அந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சிகினு தான் மனப்பாடம் பண்ணிச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லியிருந்தா இவ புள்ளய ஸ்கூல வுட்டு நிறுத்தியிருப்பா."

சாமியார் அம்மாவிடம், "படிக்க வையுங்கள்" என்றார். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சாமியார் குனிந்து வெளியே போனார்.

அந்த வாரமே நைனா போய்விட்டார். போகிற வரைக்கும் அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. வாயைத் துடைத்து விட்டாள், முதுகைத் தேய்த்து விட்டாள், அது தெரியும். பாட்டுச் சொல்லச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நைனா ஒரு தடவை என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். தண்ணீர் என்று நினைத்து அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் கேட்டது தண்ணீர்தானா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், வெளிச்சம் வருவதற்கு முன் அம்மா என்னை எழுப்பினாள். பையைத் தேடினேன். "அது வேணாம்" என்றாள். இங்கிலீஷ் புத்தகம் பள்ளிக்கூடத்துப் புத்தகம், அதைச் சகாயம் அக்காவின் மகள் கையில் முந்தின நாளே கொடுத்தனுப்பியிருந்தாள். இருட்டில் இரண்டு பேரும் கொட்டகை இருந்த காசிமேட்டுப் பக்கமாக நடந்தோம். பாதி வழியில் அம்மா திடீரென்று கேட்டாள்:

"அந்தப் பாட்டுல இன்னா தான் சொல்லிகீது?"

சொன்னேன். குன்று, காற்று, மாவு அரைப்பது. காற்று இல்லாத நாளில் அது கையை விரித்துக்கொண்டு சும்மா நின்று காத்திருப்பது.

அம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு, "காத்து வர்ற வரிக்கும் அதுக்கு சோறு யாரு போடறாங்களாம்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சாகும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கொட்டகையில் ஐஸில் கிடந்த எறாவைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு இழுத்துப் போட வேண்டும். எறாத் தண்ணீர் விரல் நுனியை அரிக்கும். சாயங்காலம் படிகாரத் தண்ணீரில் கையை முக்கி வைத்துக்கொள்வோம். காந்தும், பிறகு மரத்துப் போகும், மறுநாள் மறுபடியும் ஐஸ். கல்யாணத்துக்கு முன்னும் உரித்தேன், பிள்ளைகள் பெற்ற பின்னும் உரித்தேன். முதல் சில வருஷம் உரிக்கிற தாளத்துக்கு அந்தப் பாட்டு உள்ளுக்குள் தானாக ஓடும். ஒரு நாள் இரண்டாம் அடியில் ஒரு சொல் வரவில்லை. பிறகு அந்த வரியே வரவில்லை. இன்றைக்கு அதில் எனக்கு மிச்சம் மேலே ஏறிக் கீழே இறங்குகிற ஓசை மட்டும்தான், சொல் ஒன்றுகூட இல்லை.

நான் உரிக்கப் போன சில வருஷங்களில் பூசை தமிழில் வந்துவிட்டது. சாமியார் நம் பக்கம் திரும்பி நின்று, எல்லோருக்கும் புரிகிற மாதிரி செபம் சொல்கிறார். கரிக் கப்பல்கள் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டன; எர்ணாவூரில் என் மகள் வீட்டில் மொட்டைமாடியில் காயும் துணிமேல் இப்போதும் கறுப்பாகப் படிகிறது, ஆனால் கூடை சுமக்கிற ஆள் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டடம் இல்லை. உரித்த கொட்டகை இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள்.

போன மாதம் ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரலை வைத்தேன், மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. கடைக்காரத் தம்பி என் விரலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். அடுத்த விரல், அதற்கடுத்தது, பிறகு இடது கை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அவன் என் விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கோடும் இல்லை, சோப்புக்கட்டி போல வழவழவென்றிருந்தது.

"இன்னா ஆயா, ரேகையே இல்லாம பொறந்துட்டியா நீ?" என்றான். வரிசையில் சிரித்தார்கள்.

"இருந்திச்சுப்பா" என்றேன். அவனுக்குக் கேட்டதோ என்னவோ.