அப்பாதுரை மருந்து

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே தனியார் பஸ்ஸில் போய்வந்தவர்கள் கண்டக்டர் அப்பாதுரையை மறந்திருக்க முடியாது. ஆள் வருமுன்பே வேப்பெண்ணெய் வாசனை வந்துவிடும். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையின் இலையைச் சுருட்டும் பூச்சிக்கு மருந்து செய்யக் கிளம்பிய மனிதர் அவர். வேப்பெண்ணெயைச் சவுக்காரத் தண்ணீரில் கலந்து, பால்போல் ஆக்கி, பாட்டிலில் அடைத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்திருப்பார். தன் பெயர் ஒட்டிய பாட்டில் ஒரு கடை அலமாரியில் நிற்க வேண்டும், அதுதான் ஆசை. டிக்கெட்டில் முதலாளி பெயர்தானே இருக்கிறது.

"காலையிலேருந்து எண்ணெயும் தண்ணியும் பிரியவே இல்ல பாரு," என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

டிரைவர் கண்ணையன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "நான் போடற பிரேக்குலதான்யா அது கலந்துக்கினு இருக்குது. கீழ எறக்கி வெச்சிப் பாரு."

பொறாமை என்று நினைத்துக்கொண்டார் அப்பாதுரை.

திண்டிவனம் பஸ் நிலையத்தை ஒட்டி உரக்கடை வைத்திருந்த இருதயராஜ் ஒரு பாட்டிலைச் சோதித்துப் பார்க்க வாங்கி வைத்தார். மறுநாள் பார்த்தால் மேலே எண்ணெய், கீழே தண்ணீர்.

"இதை அடிச்சா எண்ணெய் பட்ட எடத்துல இலை கருகிடும், கண்டக்டரே. ஒரு வாரம் பிரியாம நின்னா அலமாரியில வெக்கறேன்," என்றார் இருதயராஜ்.

பஸ்ஸின் குலுக்கலைத் தன் கைவண்ணம் என்று நம்பியிருந்தவருக்கு அன்று மீதிச் சில்லறை கொடுத்ததெல்லாம் தப்பாகப் போனது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பள்ளம் உண்டு. அதில் பஸ்ஸை வேண்டுமென்றே இறக்கி, "மருந்து கலந்துச்சாப்பா?" என்று கேட்பது கண்ணையனுக்குத் தினசரி வழக்கமாயிற்று.

அப்பாதுரை வீட்டில் எண்ணெயைக் கவிழ்க்கும் அழகைப் பார்த்துவிட்டு மனைவி ருக்கு சொன்னாள்: "இன்னாங்க, பஸ்ல ஆள அடைக்கற மாதிரி மொத்தமா ஊத்தறீங்க? ஒண்ணொண்ணா ஏத்துங்களேன்."

கிண்டலாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கை ஓயக் கடைந்தார். "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான். மோர் கடையும் மத்து கசந்துபோனது. அதற்கு ருக்கு கிண்டல் செய்யவில்லை, சண்டைதான் போட்டாள்.

அந்தப் பாட்டில் பிரியாமல் நின்றது. பெயர் ஒட்டி அலமாரியிலும் ஏறியது. வாங்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு நடையிலும் அப்பாதுரை இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு வருவார். பஸ் தாமதமாகும். "கொழந்த சௌக்கியமா?" என்று பயணிகள் விசாரிப்பார்கள்.

ஒருநாள் நேரக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்ப் பார்த்தால், பாட்டிலைக் காணோம். பிரிந்துபோய்த் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று கடைவாசல் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"வித்துப்போச்சு," என்றார் இருதயராஜ். "உங்க டிரைவருதான் இப்ப வாங்கிக்கினு போனாரு. அவரு மல்லாட்டையில பூச்சியாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

அப்பாதுரை பஸ்ஸுக்குத் திரும்பினார். டிரைவர் சீட்டுக்கு அடியில் துண்டு சுற்றிய பாட்டில் ஒன்று இருந்தது. கண்ணையன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா நிக்கற? விசில் குடு."

விக்கிரவாண்டிப் பள்ளம் வந்தபோது கண்ணையன் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒடித்து, பஸ்ஸை அலுங்காமல் கொண்டுபோனார்.