பவுலின் வாய் திறந்த கதை

ரிச்சர்ட்ஸ் டவுன் பேக்கரியில் கல்லாவில் உட்காரும் பவுலினுக்கு வாய் நீளம் என்று சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அந்த வாய்தான் போன வருடம் திறக்க மறுத்தது. காதுக்கு முன்னால் தாடை ‘கடக்’கென்னும்; கன்னம் முழுக்க வலி பரவும். பன்னைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் தின்றாள். சொத்தை என்று நினைத்து, நன்றாக இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் பார்த்தாள். பல் போயிற்று, வலி போகவில்லை.

வலியைக்கூடப் பொறுத்திருப்பாள். ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் தனிக்குரலில் பாடுவது வெகுகாலமாக அவள் உரிமை. பாடகர் குழுவை நடத்தும் ஓஸ்வால்ட், இந்த முறை குழுவில் இருக்கும் நோரா பாடட்டுமே என்று நயமாகச் சொல்லிவிட்டார். பவுலினுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் பல் டாக்டர் ஷோபாவிடம் போனாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பேனா போன்ற ஒரு லேசர் கருவியை டாக்டர் தாடை மூட்டின்மேல் வைத்தார். லேசர் என்றால் பொசுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சூடும் தெரியவில்லை, குத்தலும் தெரியவில்லை. வலிக்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று கேட்டே விட்டாள்.

டாக்டர் சிரித்தார். பிறகு, கிராம்பு வாசனை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். தொண்டைக்கு நல்லதென்று வாயில் கிராம்பு அடக்கிக்கொள்வது அந்தக் குழுவின் வழக்கம். மற்றவர்கள் பாடுகிற நாளில் மட்டும் அடக்கிக்கொள்வார்கள். பவுலினோ எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரே பக்கம் கடித்தபடி இருப்பாள்.

“நாள் பூரா கடிச்சிக்கினே இருந்தா தாடைக்கு ஏதுமா ரெஸ்ட்டு? வலியை லேசர் கொறைக்கும். கிராம்பை நீங்கதான் துப்பணும்” என்றார் டாக்டர்.

துப்பினாள். வாராவாரம் லேசருக்குப் போனாள், கண்ணாடி முன் நின்று தாடைக்குப் பயிற்சியும் செய்தாள். ஒரு விரல் நுழையவே அழுத வாயில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முடிவதற்குள் மூன்று விரல் நுழைந்தது. நேரே ஓஸ்வால்டிடம் போய் மூன்று விரலையும் நுழைத்துக் காட்டினாள். தனியாகப் பாட வேண்டுமே என்று பயந்துபோயிருந்த நோராவுக்குத்தான் அவளைவிடச் சந்தோஷம்.

ஈஸ்டர் விடியலில் பவுலின் பாடினாள். உச்ச சுரத்தில் தாடை அகலத் திறந்தது. ‘கடக்’கென்ற சத்தமே இல்லை. பின்வரிசைக்காரர்கள்கூட நிமிர்ந்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். இருட்டோடு எழுந்தவளுக்குக் கொட்டாவி வந்தது. இத்தனை மாதமாகக் கொட்டாவி என்றாலே பயந்து, கையால் தாடையைத் தாங்கிக்கொண்டவள் அவள். இன்று தாங்கவில்லை. ஓஸ்வால்ட் முறைக்க முறைக்க, ஆசை தீர முழுசாக ஒரு கொட்டாவி விட்டாள்.