கருத்தையா திறந்த மடை

எங்கள் ஊர்க் குளத்து மடையைப் பார்த்துக்கொள்வது கருத்தையாவின் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலால் மிதித்தே எந்த மண் எவ்வளவு ஈரம் தாங்கும் என்று சொல்லிவிடுவான். கிராம முன்சீப்புக்கு எழுத்து தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் இந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், வேதநாயகம். நடந்ததெல்லாம் என் கண்முன்னால் நடந்தது.

1911 பங்குனியில், பாளையங்கோட்டையில் ஆகாய விமானம் ஓட்டி வேடிக்கை காட்ட வந்திருந்த ஒரு துரை, ஆற்றோடு மேற்கே பறந்து வந்தார். ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் இயந்திரத்தின் சத்தம் மாறிவிட்டதாம். விழுவதற்கு முன்னால் இறங்கிவிடுவோம் என்று, எங்கள் குளத்துக்குக் கீழே மாடு மேய்கிற பொட்டலில் இறக்கினார். ஒரு கம்பிகூட வளையவில்லை. சாயங்காலத்துக்குள் பழுது பார்த்து, மறுநாள் கிளம்புவதாகச் சொன்னார்.

அதோடு விட்டார்களா? முன்சீப் வாழைமரம் கட்டினார், கொட்டுமேளம் வைத்தார், விமானத்தின் மூக்கில் சந்தனத்தை அப்பினார். வழியனுப்ப இன்னும் இரண்டு துரைமார் வருகிறார்கள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் வரும் இடத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவது வழக்கம். அவ்வளவு பெரிய பொட்டலுக்குக் குடத்துத் தண்ணீர் காணுமா? விடிந்ததும் கருத்தையாவைக் கூப்பிட்டு மடையைத் திறக்கச் சொன்னார்.

"அய்யா, இது களி. தண்ணி பட்டா மாட்டுக் காலையே விடாது. இந்த ரெக்கை வண்டிய விடுமா?"

"ஏலே, தொரை மூஞ்சில புழுதி அடிச்சா நீயா பதில் சொல்லுவே? சொன்னதச் செய்யி. இல்லைன்னா மடைக்கு வேற ஆளு பாக்கேன்."

வேலைக்குப் பயந்து கருத்தையா திறந்தான். பொட்டல் மெழுகிய வாசல் மாதிரி ஆயிற்று. துரைக்காவது கண் இருந்திருக்கலாம்; அவரும் தலையை ஆட்டி ரசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். விமானம் பாதி தூரம் ஓடியது. சக்கரங்கள் களியில் புதைந்து, வால் மேலே எழும்பி, குப்புறக் கவிழ்ந்தது. துரைக்குத் தோள் எலும்பு முறிந்தது. புழுதி மட்டும் பறக்கவே இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, மடையைத் திறந்தது யார் என்று கேட்டார். "நாந்தான்" என்றான் கருத்தையா. யார் சொல்லித் திறந்தாய் என்று அவர் கேட்கவில்லை. முன்சீப் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட முன்சீப்பின் கையெழுத்து வேண்டியிருந்தது, வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன் நான். அன்றே கருத்தையாவின் வேலை போயிற்று. முன்சீப்பின் மச்சினன் மடைக்கு வந்தான்.

ஐப்பசியில் அடைமழை. குளம் கரை தட்டி நின்றது. மச்சினனுக்கு மடைப்பலகையை எப்படித் தூக்குவதென்றே தெரியவில்லை. கரைக்குக் கீழே, பொட்டலை அடுத்து இருப்பது முன்சீப்பின் வயல். முன்சீப்பே நனைந்துகொண்டு கருத்தையாவின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏலே கருத்தையா, கொளம் ஒடைஞ்சிரும் போல இருக்கு. வந்து தொறந்து விடுலே."

"எழுதிக் குடுங்க அய்யா. நீங்க சொல்லித்தான் தொறக்கேன்னு. பங்குனில தொறந்ததையும் சேத்து எழுதுங்க."

ஊரே கூடி நின்றது. முன்சீப் வேறு வழியில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருத்தையா அந்தக் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினான்.

"எனக்கு எழுத்து தெரியாது, வாத்தியாரய்யா. எல்லாருக்கும் கேக்கும்படியா நீங்க வாசிங்க."

ஏழு மாதத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்கு வாசித்தேன். கேட்டுவிட்டுக் கருத்தையா மடைக்குப் போனான்.