மணம் அறியும் திறன் இழந்த பிறகும் வைன் வடித்தவர்

மங்களா அக்கா மறைந்த செய்தியை அவருடைய மகள் ஆரணி தொலைபேசியில் சொன்னார். "அம்மா விடியக் காலமை போயிட்டா, அன்ரி. பீஸ்ஃபுல்லாத்தான் போனவ."

அவரை அறியாதவர்களுக்கு: ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் வசித்த மங்களா அக்கா, பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். நானும் அங்கே அவருடன் பணியாற்றினேன். ஓய்வு பெற்றதும் ரொறன்ரோவுக்குக் கிழக்கே சிறு காணி வாங்கித் திராட்சை நட்டார். ஃப்ரொன்டெனாக், பாக்கோ நுவார் என்று கடைகளில் அதிகம் காணாத இனங்கள். கடுங்குளிரைத் தாங்கும் என்பதால் தெரிவு செய்தவை. "மங்களா சாராயம் காய்ச்சிறாவாம்" என்று எங்கள் ஆட்கள் கதைத்தது அவர் காதுக்கும் எட்டியது. "காய்ச்சிறேல்லை, புளிக்க வைக்கிறன்" என்று திருத்தினார். கோபப்படவில்லை.

முதன்முதலில் அவருடைய கொட்டகையில் ஃப்ரொன்டெனாக்கைச் சுவைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். "அது எனக்கு உதவாது. என்ன மணக்குது எண்டு சொல்லுங்கோ" என்றார். யோசித்து, செரிப்பழமும் கொஞ்சம் மிளகும் என்றேன். தலையசைத்தார்.

பின்னர் ஒரு வைரஸ் காய்ச்சலில் அவருக்கு மணம் அறியும் திறன் போயிற்று. மருத்துவர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். அது திரும்பவேயில்லை. அந்த ஆண்டு அறுவடையில் பெரும்பகுதி ஒரே பீப்பாயில் இருந்தது. போத்தலில் அடைக்குமுன் என்னை அழைத்து ஒரு கிளாஸ் தந்தார். முகர்ந்தேன்.

"எங்கட லாப் மணக்குது, அக்கா."

"பெயின்ற் தின்னரோ?"

"ஓம்."

இன்னொரு கிளாஸில் எடுத்துத் தந்தார். அதே மணம்; வைன் பழுதாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பக்கத்தில் நின்ற ஆரணிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஒராள் சொன்னதுக்காக முழுக்க ஊத்தப்போறியளோ?"

"அவ என்னோட எத்தினை வருசம் அந்த மணத்துக்குள்ள நிண்டவ. அவவுக்குத் தெரியும்" என்றபடி பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினார். சிவப்பு நிறம் சீமெந்துத் தரையில் ஓடி வடிகானுக்குள் இறங்கியது. அது முடியும்வரை மூவரும் நின்றோம். பிறகு அவரே குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவினார்.

காணியை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். விற்கவில்லை. அயலில் தோட்டம் வைத்திருந்தவர்கள், ஆரணி, நான் என்று ஆள்மாறி ஆள் முகர்ந்து சொல்ல, அவர் முடிவெடுத்தார். அப்படியே பல பருவங்கள் வைன் வடித்தார்.

ஒருநாள் கேட்டேன்: "குடிக்கேக்கை உங்களுக்கு என்னக்கா தெரியுது?"

"புளிப்புத் தெரியுது. மிச்சம் நீங்கள் சொன்னதுதான்."

கடந்த இலையுதிர்காலத்தில் புதிய பாக்கோ நுவாரை ஊற்றித் தந்தார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடி, முகத்தைச் சற்று என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

அமைதியாக உறங்குங்கள், அக்கா.